பட்டோடு ஒரு சீட்டும் வேண்டும்

கொல்லிமலை அடிவாரத்து ராசிபுரமும் அதையடுத்த சேலமும் பட்டோடு பிழைக்கும் ஊர்கள். ராசிபுரத்தில் பட்டுக்கூடு ஏலம் போகிறது. பட்டுச்சேலைத் தறிகள் ஓடுகின்றன. சேலத்து வெண்பட்டு புவிசார் குறியீடு பெற்றது. அந்த வேட்டியும் அங்கவஸ்திரமும் இல்லாமல் நம் பக்கத்துக் கல்யாணங்கள் நிறைவதில்லை. தமிழக அரசின் பட்டு வளர்ச்சித் துறை இயக்குநரகம் இருப்பது சேலத்தில். 1960 முதல் இயங்கும் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருப்பதும் அதே ஊரில். மல்பெரி நடுவது முதல் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பது வரை ஒவ்வொரு கட்டத்தையும் அறிந்தவர்கள் இந்தச் சிறிய வட்டாரத்துக்குள்ளேயே இருக்கிறார்கள். ஆனால் கடையில் ஒரு பட்டுத் துண்டோ சேலையோ வாங்கி வெளியே வருபவரின் கையில் பில்லும் பையும் மட்டுமே இருக்கின்றன. அது எந்தப் புழுவின் பட்டு, என்ன சாயம், எந்த வகை ஜரிகை, தண்ணீரில் போடலாமா கூடாதா என்பதை யாரும் எழுதித் தருவதில்லை. கைத்தறிப் பட்டு ஒவ்வொன்றையும் இவற்றைச் சொல்லும் ஒரு தமிழ்ச் சீட்டோடுதான் விற்க வேண்டும் என்பது என் வாதம். பட்டைக் காப்பாற்றும் வேலை வாங்கியவர் வீட்டில் தொடங்குவதில்லை. நெய்தவருக்குத் தெரிந்தது உடுத்துபவருக்குப் போய்ச் சேரும்போதுதான் தொடங்குகிறது.

பட்டு என்று ஒரே பெயரில் அழைத்தாலும் அது ஒரே பொருள் அல்ல. மல்பெரி இலை தின்னும் புழுவின் பட்டைத்தான் தமிழ்நாடு முழுவதும் உடுத்துகிறோம். அதன் கூட்டிலிருந்து ஒரே இழையாக ஆயிரம் மீட்டர் வரையிலும், நல்ல கூடாக இருந்தால் அதற்கு மேலும் நூல் உருவலாம். அந்த இழையின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருப்பதால்தான் ஒளி பட்டுத் தெறித்து அந்தப் பளபளப்பு வருகிறது. டசர் வேறு. ஜார்கண்ட், சத்தீஸ்கர், ஒடிசா காடுகளில் மருத மரத்து இலை தின்னும் புழு அதைத் தருகிறது. இழை பட்டையாகவும் சற்று முரடாகவும் இருக்கும். தேன் நிறம் இயல்பிலேயே உண்டு. அசாமின் மூகா இயற்கையிலேயே பொன்னிறம். சாயத்தை எளிதில் ஏற்காது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும். ஆமணக்கு இலை தின்னும் எரிப் புழுவின் கூடு ஒரு முனையில் திறந்தே இருக்கும். அதிலிருந்து நீள இழை உருவ முடியாது. பஞ்சைப் போல நூற்கத்தான் வேண்டும். அதனால் எரிப் பட்டில் பளபளப்பு குறைவு, கம்பளி போன்ற கதகதப்பு அதிகம். இந்த நான்கையும் வணிக அளவில் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. நான்கும் வெவ்வேறு இழைகள் என்றால் நான்குக்கும் ஒரே பராமரிப்பு எப்படிப் பொருந்தும்? கைத்தறிக் கண்காட்சிகளில் நான்கு வகைத் துண்டுகளும் ஒரே மேசையில் கிடக்கின்றன. விற்பவர் எல்லாவற்றுக்கும் ‘டிரை வாஷ் பண்ணுங்க’ என்ற ஒரே பதிலைச் சொல்லி அனுப்புகிறார்.

எந்த வகையானாலும் பட்டு ஒரு புரதம். நம் தலைமுடியும் கம்பளியும் போல. புழு சுற்றும் இழையின் உள்ளே ஃபைப்ராயின், மேலே செரிசின் என்ற பசை. மல்பெரிப் பட்டின் எடையில் கிட்டத்தட்ட கால் பங்கு இந்தப் பசைதான். சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் நூலை வேகவைத்துப் பசையைக் கழற்றிய பிறகே பட்டுக்கு மென்மையும் மினுக்கும் வருகின்றன. சோடா கலந்த சூடான நீரில் பசை கரைகிறது என்ற இந்தச் செய்தியிலேயே பராமரிப்பின் முதல் பாடம் அடங்கியிருக்கிறது. தொழிற்கூடத்தில் அளவறிந்து செய்வதை வீட்டில் சலவைத் தூள் அளவில்லாமல் செய்கிறது. தூள் காரத்தன்மை மிக்கது. மணிக்கணக்கில் ஊறவைத்தால் பசையோடு நிற்காமல் உள்ளிழையையும் அரிக்கும். இரத்தக் கறையும் முட்டைக் கறையும் போக வேண்டும் என்று பல தூள்களில் புரதத்தைச் சிதைக்கும் என்சைம்களைச் சேர்க்கிறார்கள். கறையும் புரதம், பட்டும் புரதம். என்சைமுக்கு வித்தியாசம் தெரியாது. குளோரின் பிளீச் பட்டை அடியோடு அழித்துவிடும். நனைந்த பட்டின் வலு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வரை குறைவதால் முறுக்கிப் பிழியக் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர் இழையை மஞ்சளாக்கி நொறுங்கச் செய்வதால் நிழலில்தான் உலர்த்த வேண்டும். இவை எந்தப் பட்டுக்கும் பொதுவானவை. இதற்கு மேல் உள்ளவை எல்லாம் வகையைப் பொறுத்து மாறும். சீட்டு வேண்டும் என்று கேட்பது அதற்காகத்தான்.

சேலத்து வெண்பட்டு அங்கவஸ்திரம் ஒன்றையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்தன்று தோளில் கிடந்து, மறுநாள் மடித்துப் பிளாஸ்டிக் கவருக்குள் போய், அடுத்த விசேஷத்துக்கு வெளியே வருகிறது. விரித்துப் பார்த்தால் கழுத்தையொட்டிய இடத்தில் ஒரு மஞ்சள் பட்டை. சந்தனம் பட்ட இடத்தில் பழுப்பு. நடு மடிப்பில், ஜரிகைக் கரை வளையும் இடத்தில் இழைகள் விட்டுப்போய் வெளிச்சம் தெரிகிறது. இந்த மூன்று சேதமும் உடுத்திய சில மணி நேரத்தில் வந்தவை அல்ல; பீரோவில் கிடந்த மாதங்களில் வந்தவை. வியர்வையின் உப்பும் அமிலமும் துணியிலேயே தங்கி மெல்ல மெல்ல வேலை செய்தன. பிளாஸ்டிக் கவர் ஈரத்தை உள்ளேயே அடைத்தது. ஒரே மடிப்பில் மாதக்கணக்கில் கிடந்ததால் அந்தக் கோட்டில் இழை ஒடிந்தது. உடுத்திய அன்றோ மறுநாளோ மென்மையான திரவ சோப்பிட்ட குளிர்ந்த நீரில் அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் காயவைத்து, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றியிருந்தால் இந்தச் சேதங்களைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம். வெண்பட்டுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியவையும் உண்டு. சேலைக்கு ஏற்ற பூந்திக்கொட்டைச் சாறு வெள்ளைத் துணியில் பழுப்புச் சாயலை ஏற்றிவிடும். ‘பளிச் வெண்மை’ தரும் தூள்களில் உள்ள ஒளிர்பொருள் முதலில் வெளுத்துக் காட்டினாலும் வெயில் பட்டால் பட்டை இன்னும் விரைவாக மஞ்சளாக்கும். நம் பக்கத்து போர்வெல் உப்புத்தண்ணீரில் சோப்புப் போட்டால் வெண்படிவம் இழையில் ஒட்டிப் பளபளப்பை மங்கச் செய்யும். மழைநீரோ வடிகட்டிய நீரோ நல்லது. விலை கொடுத்து வாங்கியவருக்கு இவற்றைச் சொல்ல ஐந்து வரி போதும்.

சாயமும் ஜரிகையும் இன்னும் முக்கியம். ஆழ்ந்த அரக்கு, மயில்கழுத்து, கறுப்பு போன்ற நிறங்களில் முதல் இரண்டு மூன்று அலசல்களில் மிச்சச் சாயம் இறங்குவது உண்டு. தனியாக அலசினால் ஆபத்தில்லை. வெளிர் நிற உடலும் ஆழ்ந்த நிறக் கரையும் உள்ள துணியை ஊறவைத்தால் கரையின் சாயம் உடலில் ஏறி நின்றுவிடும். பழைய முறை ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும். வாசனைத் திரவியமும் அந்துருண்டையும் அதன் மேல் நேராகப் படக் கூடாது. செம்புக் கம்பியில் வெள்ளி முலாம் பூசிய ஜரிகை ஈரம் பட்டால் பச்சை பூக்கக்கூடும். பாலியஸ்டர் மேல் உலோகம் படிந்த ஜரிகை கறுக்காது, ஆனால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டில் சுருண்டு உருகும். கண்ணுக்கு மூன்றும் ஒன்றுபோலவே மின்னும். எது எது என்று உடுத்துபவர் கண்டுபிடிப்பதற்கு ஒரே வழி துணியைக் கெடுத்துப் பார்ப்பது. தறிக்கு ஜரிகை வாங்கிக் கொடுத்தவருக்கோ அது முதல் நாளே தெரியும்.

செய்தவர் மறைத்ததை வைத்திருப்பவரால் ஒருபோதும் காப்பாற்ற முடியாது என்பதற்கு உலக வரலாற்றில் தெளிவான சான்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பட்டை எடை போட்டு விற்றார்கள். பசை நீக்கியதில் போன கால் பங்கு எடையை ஈடுகட்ட, வெள்ளீய உப்புக் கரைசலில் நூலை முக்கி எடுத்தார்கள். பிறகு ஈடுகட்டுவதோடு நிற்காமல் பட்டின் எடைக்கு மேலேயே உலோகத்தை ஏற்றினார்கள். துணி கனமாக விழுந்தது, நடக்கும்போது சலசலத்தது, வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்த ஆடைகள் தாமாகவே நீள நீளமாகக் கிழிந்தன. இன்று அருங்காட்சியகங்களில் இருட்டில், குளிரூட்டிய அறையில், கை படாமல் கிடக்கும்போதும் அவை நொறுங்கிக்கொண்டிருக்கின்றன. அதைவிடப் பழைய, உலோகம் ஏற்றாத பட்டாடைகளோ உறுதியாக இருக்கின்றன. எவ்வளவு கவனமாக வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் குறை பிறக்கும்போதே உள்ளே போய்விட்டது. 1938-இல் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் பட்டில் உலோகம் ஏற்றியிருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விதி வகுத்தது. 1971-இல் அதே ஆணையம் ஆடைகளில் பராமரிப்புச் சீட்டு தைப்பதைக் கட்டாயமாக்கியது. முதலில் என்ன பொருள் என்று சொல்லவைத்தார்கள்; பிறகு எப்படிக் காப்பது என்றும் சொல்லவைத்தார்கள். நாம் கேட்க வேண்டிய வரிசையும் அதுதான்.

இதற்கெல்லாம் டிரை வாஷ் இருக்கிறதே என்பார்கள். பட்டுக்கு அது எல்லா நேரமும் சரியான விடை அல்ல. டிரை வாஷில் தண்ணீருக்குப் பதில் பெர்குளோரோஎத்திலீன் போன்ற கரைப்பானோ பெட்ரோலியக் கரைப்பானோ பயன்படுகிறது. எண்ணெய், நெய், உதட்டுச் சாயம் ஆகியவற்றை அது நன்றாகவே எடுக்கும். நம் ஊர்க் கல்யாணத்தில் பட்டில் சேர்வதில் பெரும்பகுதி வியர்வையும் பாயசமும் இளநீரும். உப்பும் சர்க்கரையும் தண்ணீரில் கரைபவை, கரைப்பானில் கரைவதில்லை. அவை துணியிலேயே தங்கி, பிறகு இஸ்திரிச் சூட்டில் பழுப்புக் கறையாக எழும். அதன்மேல் ரோல் பாலிஷ் போட்டு வாங்கினால் புதிதுபோல விறைப்பாக நிற்கும். உள்ளே உப்பு இருந்தபடியே இருக்கும். பெர்குளோரோஎத்திலீனை மனிதருக்குப் புற்றுநோய் வருவிக்கக்கூடிய பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை சேர்த்திருப்பதையும் மறக்கக் கூடாது. கனமான ஜரிகைச் சேலைக்கும் சாயம் நிற்காத துணிக்கும் டிரை வாஷ் தேவைதான். சாதா வெண்பட்டுத் துண்டு, எரிப் பட்டுச் சால்வை, ஜரிகை இல்லாத மூகா ஆகியவற்றைத் தண்ணீரில் அலசுவதே நல்லது. எதற்கு எது என்று பிரித்துச் சொல்வதற்கு முதலில் வகை தெரிந்திருக்க வேண்டும்.

சில்க் மார்க் இருக்கும்போது இன்னொரு சீட்டு எதற்கு என்பது அடுத்த கேள்வி. மத்திய பட்டு வாரியம் 2004-இல் தொடங்கிய சில்க் மார்க் மிகவும் பயனுள்ள ஏற்பாடு. பாலியஸ்டரையும் விஸ்கோஸையும் பட்டு என்று சொல்லி விற்கும் சந்தையில் தூய பட்டு வாங்க நினைப்பவருக்கு நம்பிக்கை தருகிறது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி கைத்தறியில் நெய்ததுதான் என்று சான்று தருகிறது. புவிசார் குறியீடு ஊரைச் சொல்கிறது. மூன்றும் விற்பனைக்கு முன் எழும் ஐயத்தைத் தீர்ப்பவை: உண்மையான பட்டா, உண்மையான கைத்தறியா, உண்மையான சேலமா என்பவை. துணி வீட்டுக்கு வந்தபின் எழும் கேள்விகளுக்கு விடை சொல்வது அவற்றின் வேலை அல்ல. பாவில் என்ன நூல், ஊடையில் என்ன நூல், ஜரிகை எது, சாயம் தண்ணீரில் நிற்குமா என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்ல முடியும். ஆகவே நான் கேட்கும் சீட்டு சில்க் மார்க்குக்குப் போட்டி அல்ல, அதற்குத் துணை.

நம் பாட்டிமார் எந்தச் சீட்டையும் பார்த்து பட்டைக் காப்பாற்றவில்லையே என்றும் சொல்வார்கள். இதுதான் வலுவான மறுப்பு. மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். அவர்கள் செய்தவை சரியானவை. பூந்திக்கொட்டையில் அலசியதும், நிழலில் உலர்த்தியதும், வெள்ளைத் துணியில் சுற்றி வசம்போ கிராம்போ வைத்ததும், அவ்வப்போது எடுத்துக் காற்றாட விட்டதும் இன்றைய வேதியியலோடு பொருந்துகின்றன. பூந்திக்கொட்டை நுரைக்கும், ஆனால் காரமாக இருக்காது. ஆனால் அவர்கள் காத்த பொருள் வேறு. அவர்கள் பெட்டியில் இருந்தது ஒரே வகைப் பட்டும் பெரும்பாலும் வெள்ளி ஜரிகையும். துவைக்க என்சைம் தூள் இருக்கவில்லை, உடம்பில் ஸ்பிரே இருக்கவில்லை, ஆறு மாதம் பூட்டிவைக்க பிளாஸ்டிக் கவரும் இருக்கவில்லை. இன்று ஒரே குடும்பத்தில் காஞ்சிபுரம், திருபுவனம், டசர் துப்பட்டா, எரிச் சால்வை, பட்டு கலந்த பருத்தி எல்லாம் இருக்கின்றன. பொருளும் அதைத் தாக்குபவையும் மாறிவிட்ட பிறகு, கைமாறி வந்த அறிவுக்குப் புதிய பொருளின் விவரமும் சேர வேண்டும். அந்த விவரத்தைச் சீட்டு தரும்; பாட்டியின் கைப்பக்குவத்துக்கு அதனால் குறை ஏதும் இல்லை.

நெசவாளர் தலையில் இன்னொரு சுமையா என்ற கவலையும் நியாயமானது. கூலி உயராமல், இளைஞர்கள் தறியை விட்டுப் போகும் காலத்தில் படிவம் நிரப்பும் வேலையைக் கொடுப்பது கொடுமை. ஆனால் சீட்டு எழுத வேண்டியவர் குழியில் உட்கார்ந்து நெய்பவர் அல்ல. பட்டும் ஜரிகையும் சாயமேற்றிய நூலும் வாங்கிக் கொடுப்பது கூட்டுறவுச் சங்கமோ மாஸ்டர் வீவரோதான். அவர்களிடம் கொள்முதல் கணக்கு இருக்கிறது. அதிலிருந்து நான்கு வரி எடுத்து அச்சிடுவதற்கு ஆகும் செலவு பல ஆயிரம் ரூபாய்த் துணிக்குக் கணக்கில் வராத தொகை. பராமரிப்பு வரிகளைக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனமும் பட்டு வளர்ச்சித் துறையும் வகைவாரியாக எழுதிக் கொடுத்துவிடலாம். இரண்டும் ஒரே நகரில் இருக்கின்றன. லாபம் யாருக்கு என்று பார்த்தால், முதல் லாபம் நேர்மையான தறிக்குத்தான். ஒரு துவைப்பில் கெட்டுப்போன துணிக்கு வாங்கியவர் நெசவாளரைத்தான் பழிக்கிறார். அடுத்த முறை ஆர்ட் சில்க் பக்கம் போய்விடுகிறார். வெள்ளி ஜரிகை என்று சொல்லிப் பாலியஸ்டர் ஜரிகையை விற்பவருக்கு மட்டுமே எழுத்தில் சொல்ல அச்சம் இருக்கும்.

கொல்லிமலைக்கு இதில் தனியான அக்கறை உண்டு. மலையில் சாமையும் கேழ்வரகும் விளைந்த நிலத்தில் பெரும்பகுதி கடந்த சில பத்தாண்டுகளில் மரவள்ளிக்குப் போனது. கிழங்கு மலையிறங்கி சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குச் செல்கிறது. ஆமணக்கைப் போலவே மரவள்ளி இலையும் எரிப் புழுவுக்கு உணவு. கிழங்கு விளைச்சல் குறையாதபடி இலையில் ஒரு பகுதியை மட்டும் பறித்துப் புழு வளர்க்கலாம் என்பதால், மரவள்ளி விவசாயிக்குக் கூடுதல் வருமானமாக வேளாண் வல்லுநர்கள் இதை முன்வைக்கிறார்கள். கூட்டிலிருந்து அந்துப்பூச்சி வெளியேறிய பிறகும் எரிப் பட்டை நூற்க முடியும் என்பதால், புழுவைக் கொன்று எடுக்கும் பட்டு வேண்டாம் என்பவர்களுக்கும் அது ஏற்றது. மலைக்குளிருக்குச் சால்வையாகவும் கழுத்துத் துண்டாகவும் போட அதைவிடப் பொருத்தமான பட்டு இல்லை; துவைக்கத் துவைக்க மென்மை கூடும். ஆனால் பளபளப்பையே பட்டு என்று நினைக்கும் வாங்குபவர் அதைப் பார்த்து ‘இது பட்டா, கதரா’ என்று கேட்டுத் திருப்பி வைப்பார். அல்லது வாங்கிப் போய் டிரை வாஷுக்குப் போட்டுக் காசை விரயமாக்குவார். என்ன பட்டு என்று சொல்லி விற்கும் பழக்கம் இல்லாத சந்தையில் புதிய பட்டு எதுவும் நிலைக்காது. மலையில் புழு வளர்ப்பதற்கு முன்னால், அடிவாரத்தில் சீட்டு எழுதும் பழக்கம் வர வேண்டும்.

சட்டம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. கோ-ஆப்டெக்ஸும் சேலம், நாமக்கல் மாவட்டப் பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் இந்த ஆண்டே தொடங்கலாம். பட்டின் வகை, ஜரிகையின் வகை, சாயம் தண்ணீரில் நிற்குமா, வீட்டில் அலசலாமா டிரை வாஷ்தானா, எப்படி வைப்பது என்ற ஐந்தும் தமிழில் இருந்தால் போதும். அதுவரை வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பட்டுத் துண்டோ வேட்டியோ சேலையோ எடுக்கும்போது விலையைக் கேட்பதற்கு முன் இந்த ஐந்தையும் கேளுங்கள். பதிலைப் பில்லின் பின்புறம் எழுதி வாங்குங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் சங்கத்தைக் கேட்பார். பத்துக் கடை கேட்டால் சங்கம் அச்சடிக்கும்.